தூங்குமூஞ்சி இன்னும் எழவில்லை

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால், "என் நலத்தைப் பத்தி உனக்கு என்ன திடீர் கவலை?" என்பாய். அதனால் கேட்கவில்லை. இதைக் கொண்டு வருகிறவர் என் வீட்டுக்காரர்தான். ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில் தபாலையும் சரக்கையும் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கும் உன் கரைக்கும் அலைவது அவர் பிழைப்பு. நீ அவரோடு பேச வேண்டாம். வழக்கம் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே ரொட்டியைக் கட்டிக் கொடு. அவரும் வழக்கம் போல, "உங்க அக்கா ரொட்டி மட்டும் எங்கிட்ட இன்னும் கோவிச்சுக்கல" என்று சொல்லிக்கொண்டே தின்றுவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை அனுப்பு.

மாதம் நெருங்கிவிட்டது. கால் இரண்டும் வீங்கிப் போய்ச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னைத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, கிழிந்த விரிப்புகளைத் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸம்மா வருகிறாள், பிரஷர் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லாமல் போகிறாள். திட்டினால்கூடத் தேவலை. அந்தப் பேசாத முகம்தான் பயமாக இருக்கிறது.

போன தடவை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். பிள்ளை அழவில்லை. நான் அழுததைக் கேட்கப் பக்கத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லை. அப்போதும் அம்மாவை அனுப்பச் சொல்லி எழுதினேன். "ஏரி உருகட்டும், படகில் வரட்டும்" என்று பதில் போட்டாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொய் எதற்கு, கொஞ்சம் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை அந்தக் கட்டிலில் தனியாகப் படுக்க என்னால் முடியாது அக்கா.

விறகுக்குள் படுத்திருக்கும் நம் முள்ளெலி, தூங்குமூஞ்சி, இன்னும் எழவில்லைதானே? உங்கள் கூரையில் மஞ்சள் துணி கண்ணில் படவில்லை. அப்படியென்றால் ஏரி கெட்டியாகத்தான் இருக்கிறது. அம்மாவைக் கம்பளியில் சுற்றி, முட்டையைக் கொண்டு வருவது போலக் கொண்டு வருகிறேன் என்கிறார் இவர்.

சின்னவள்


பிப்ரவரி 22

சின்னவளுக்கு,

அம்மாவை அனுப்பு என்று உத்தரவு போட்டிருக்கிறாய். அம்மா என்ன ரொட்டியா, கட்டிக் கொடுத்து அனுப்புவதற்கு? அவளுக்கு இருமல் நிற்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்தக் குளிரில் திறந்த வண்டியில் உட்கார வைத்து அனுப்பி, வழியில் அவளுக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ஏரியைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பின்முற்றத்தில், விறகு அடுக்கின் வேலியோர மூலையில்தான் அந்த முள்ளெலி இந்த வருஷமும் படுத்திருக்கிறது. எத்தனை குளிரடித்தாலும் அந்த மூலை விறகை நான் அடுப்புக்கு எடுக்கவில்லை. அது எழுந்து வெளியே வந்தால் வசந்தம் வந்தாயிற்று, இனி ஏரியை நம்பக்கூடாது என்று அர்த்தம். அன்றைக்கே துணி ஏறும். இரண்டு கரையிலும் வண்டிகள் நிற்கும். அப்பா இருந்தவரை அப்பா ஏற்றினார், இப்போது நான் ஏற்றுகிறேன். தூங்குமூஞ்சி நம்மை ஏமாற்றியதில்லை. நீதான் ஏமாற்றினாய். துணி ஏறுவதற்கு முந்தின நாள், ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த வண்டியில் ஏறிப் போனாய். உனக்குத் தட்டை எடுத்து வைத்துவிட்டு வீடெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

இந்த வருஷம் அது எழுகிற மாதிரியே தெரியவில்லை. ஆகவே அவசரம் இல்லை. இருமல் நிற்கட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையிலிருந்து மண்வாரியும் கையுமாகப் பின்முற்றத்தில் நிற்கிறாள். பாதையில் கிடக்கும் பனியை வாருகிறாளாம். மாடிப்படி ஏறாத முழங்காலுக்கு அது மட்டும் முடிகிறது. கேட்டால், "சும்மா உக்காந்தா கை மரத்துப்போகுது" என்கிறாள். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இனி நான் கேட்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. அம்மாவை அனுப்ப வேண்டாம். நான் கேட்டதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிரிக்காமல் முழுதும் படி.

எங்கள் கூடத்துக் கொடியில் விரிப்பைக் காயப் போட்டால் பலகையாக விறைத்துவிடும். மடிக்க வராது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே கொண்டு வருவோம். இந்த வாரம் மத்தியானத்துக்குள்ளேயே தொளதொளவென்று தொங்கிச் சொட்டுகிறது. விரிப்பு சொட்டினால் குளிர் கிளம்பிவிட்டது என்று சலவைப் பெண்கள் எப்போதும் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் தன் பங்குக்கு வெங்காயத்தைத் தூக்கிக் காட்டுகிறார். தோல் மெல்லிசாக இருக்கிற வருஷம் குளிர் சீக்கிரம் ஓடிவிடும், நான்தான் அப்போதே சொன்னேனே என்கிறார். நான் ஜாடித் தண்ணீரில் வைத்த கிளை துளிர்விட்டாயிற்று. நர்ஸம்மாகூட, "பூனை அடுப்பை விட்டுட்டு வாசல்ல போய்ப் படுத்துடுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுது" என்கிறாள். ஆளுக்கொரு ஜோசியம். ஆனால் எல்லாரும் ஒரே பலனைத்தான் சொல்கிறார்கள். உன் தூங்குமூஞ்சி ஒன்றுதான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று இவர் கிளம்பும்போது பூட்ஸ் கயிறு அவிழ்ந்து தொங்கியது. கட்டிவிடலாம் என்று என் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனியப் பார்த்தேன். "கட்ட வேணாம், விடு" என்றார். ஏன் என்று இன்னொரு வண்டிக்காரரின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீரில் விழுந்தால் உதறிவிட வசதியாக இருக்கட்டும் என்று வண்டிக்காரர்கள் எல்லாருமே இப்போது அப்படித்தான் போகிறார்களாம். நடு ஏரியில் நம் செவலைக் குதிரை நின்றுவிடுகிறதாம். சாட்டையைக் காட்டினாலும் நகர்வதில்லையாம்.

சரக்கு முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். முதலாளி எல்லார் முன்னாலும், "மஞ்சத் துணி ஏறட்டும், நிறுத்திக்கலாம். முள்ளெலிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாராம். துணி ஏறாமல் வண்டியை நிறுத்துகிறவன் அப்படியே வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னாராம்.

அதனால் கேட்கிறேன் அக்கா. துணியை ஏற்றிவிடு. அது எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன. எழுந்தது என்று சொல்லிவிடு. யார் வந்து விறகுக்குள் தலையை விட்டுப் பார்க்கப் போகிறார்கள்? எனக்காக வேண்டாம். என்மேல் இருக்கும் கோபத்தை அப்படியே வைத்துக்கொள். ஏரிமேல் போகிறவர்களுக்காகச் செய்.

சின்னவள்


மார்ச் 5

சின்னவளுக்கு,

போன மாதம் அம்மாவை ஏரிமேல் அனுப்பு என்றாய். இந்த மாதம் ஊரை ஏமாற்று என்கிறாய்.

அந்தத் துணியை எல்லாரும் நம்புவது என் முகத்துக்காக இல்லை. முள்ளெலிக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, அதனால் நம்புகிறார்கள். உன் வீட்டுக்காரருக்காக இந்த வருஷம் பொய்யாக ஏற்றினால், அடுத்த வருஷம் நிஜமாக ஏற்றும்போது எவன் நிற்பான்? "அவ தங்கச்சிக்கு ஏதாவது ஆக வேண்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்குவான். அவன் முழுகினால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? நீ அந்தக் கரையில் இருப்பாய். இங்கே அவன் பெண்டாட்டி முகத்தில் முழிக்க வேண்டியவள் நான்.

எனக்குக் கண் இல்லை என்று நினைக்காதே. பிசைந்து வைத்த மாவு நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கித் தொட்டியை விட்டு வழிகிறது. கூரை ஓரம் சொட்டுகிறது. காலையும் மாலையும் போய் அந்த மூலையைப் பார்க்கிறேன். ஒரு கால் தடம் இல்லை. முற்றத்தில் மற்ற இடமெல்லாம் பனி இறங்கி மண் தெரிகிறது. அங்கே மட்டும் நடுக் குளிர்காலம் போல வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது. வேலி நிழல் என்று நினைத்துக்கொண்டேன். அது படுத்திருக்கும் இடத்தில் அத்தனை குளிர் மிச்சம் இருக்கிறதென்றால், ஏரிக்குள்ளும் இருக்கத்தானே வேண்டும்?

எனக்கும் மனம் ஒப்பவில்லை. பூட்ஸ் கயிறு விஷயத்தை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். நேற்று அவர் ரொட்டி வாங்க வந்தபோது என் கண் நேராக அவர் காலுக்குத்தான் போனது.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "எப்ப அனுப்பப் போற?" என்ற கேள்வியோடு சரி. மூட்டை கட்டி வாசலோரம் வைத்துவிட்டாள். உன் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். அவசரத்தில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன். அதற்குள் அது எழாவிட்டால் கரையோர மீன்காரரைக் கூட்டிப் போய் ஏரியில் துளை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவர் உதட்டைப் பிதுக்கினால் துணியை ஏற்றுகிறேன். இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

அக்கா


மார்ச் 7, காலை

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், எப்படியாவது படித்துவிடு.

முந்தாநாள் சாப்பிடும்போது இவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். உன் ரொட்டிக் கடைப் பின்பக்கம் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனாராம். அம்மா முற்றத்துப் பனியை வாரி வாரி அந்த விறகு மூலையில் கொட்டி, மண்வாரியால் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாளாம். இவரைப் பார்த்ததும், "மாப்பிள்ளை, பெரியவகிட்ட சொல்லிடாதீங்க. அவன் இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்" என்றாளாம். மாமியாருக்கு முள்ளெலிமேல் எத்தனை பாசம் பார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று காலை விரிப்பைத் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. துணி ஏறினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அவளால் என்னிடம் வர முடியாது. அது எழுந்துவிடாமல் அவள்தான் குளிரை மேலே மேலே போட்டு மூடி வைக்கிறாள். போய்ப் பார் அக்கா. அது எழாததற்கும் ஏரிக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்குப் புரிவதற்குள் இவர் விடியற்காலையிலேயே கிளம்பி உன் கரைக்குப் போய்விட்டார். இதை அடுத்த வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இவர் சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பிக் கிளம்புவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அவரை அங்கேயே நிறுத்து. நீ அவரோடு பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று, தெரியும். இன்று ஒரு வார்த்தை பேசு. "போகாதே" என்று சொல். படகு ஓடும்வரை உன் கடையிலேயே விறகு பிளக்கட்டும், மூட்டை தூக்கட்டும். துணியை ஏற்று.

எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்திருக்கிறது. சாதாரண வலியாக இருக்கும்.

சின்னவள்


மார்ச் 7, மாலை

சின்னவளே,

இதை யார் கொண்டு வருவார்கள் என்று தெரியாது. துணி ஏறிவிட்டது. இனி ஒரு வண்டியும் கிளம்பாது. ஆனாலும் எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

உன் கடிதம் நேரத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடை நிறையக் கூட்டம், அடுப்பு நிறைய ரொட்டி. உன் கையெழுத்தைப் பார்த்தேன், இன்னொரு புலம்பல் என்று நினைத்தேன், பிரிக்காமல் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசி ரொட்டியும் இறங்கி, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பிரித்தேன்.

அம்மா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மூட்டை இல்லை, கம்பளி இல்லை. வெளியே ஓடினால் பக்கத்துத் தையல்காரர், "உங்கம்மா அப்பவே வண்டியில ஏறிட்டாங்களே. பெரியவ சரின்னுட்டான்னு சொன்னாங்களே" என்கிறார். உன் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள். உண்மையா என்று அவர் என்னிடம் வந்து எப்படிக் கேட்பார்? நான்தான் பேச மாட்டேனே.

ஏணியில் ஏறியது எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மூலையைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அது எழவில்லை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் கை தயங்கும். பார்க்காமலே ஏற்றினேன். கீழே சரக்கு முதலாளி ஓடி வந்து, "எழுந்துடுச்சா? யார் பார்த்தது?" என்று கத்தினார். "நான் பார்த்தேன்" என்றேன். வாய் கூசவில்லை.

கூரையிலிருந்து ஏரி தெரிந்தது. நடுவைத் தாண்டி ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. துணி விரிந்ததும் அது நின்றது. பார்த்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், சின்னவளே. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏரி சத்தம் போட்டது. பெரிய மரத்தைப் பிளக்கிற சத்தம்.

என்னை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரே வண்டியில்தான் போகிறீர்கள். போங்கள். போய்ச் சேர்ந்தால் போதும்.

அக்கா


மார்ச் 13

சின்னவளே,

ஏரி முழுக்க உடைந்துவிட்டது. பாளம் பாளமாக மிதந்து ஒன்றோடொன்று மோதுகிறது. படகு விட இன்னும் நாளாகும் என்கிறார் மீன்காரர். தினமும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். இப்போது என்னைப் பார்த்ததும் உள்ளிருந்தே தலையாட்டிவிடுகிறார்.

துணி ஏறிய அன்று என்னைத் திட்டியவர்கள் இப்போது கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். இன்னொரு வண்டிக்காரர் அன்று இந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். என் விறகை எல்லாம் அவரேதான் பிளந்து அடுக்குகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சரக்கு முதலாளி வந்து ரொட்டி வாங்கினார், பிறகும் போகாமல் நின்றார். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். ரொட்டி வேண்டும் என்றால் வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுத்தான் அந்த மூலையைத் தோண்டினேன். அம்மா இறுக்கி வைத்திருந்த பனி அவ்வளவு லேசில் விடவில்லை. அடியில் இலைப் படுக்கை இருந்தது, தூங்குமூஞ்சி இல்லை. வேலிப் பக்கமாக ஒரு பொந்து போட்டு எப்போதோ வெளியே போயிருக்கிறது. படுக்கை சில்லென்று கிடந்தது. காலி வீட்டுக்கு அம்மா காவல் இருந்திருக்கிறாள். அவள் காவல் இருந்த இடத்தை நான் வேளை தவறாமல் பார்த்துக்கொண்டு, ஏரி கெட்டி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தையல்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சொன்னது பொய் இல்லையே, நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு அது ஒன்றும் நல்லதாகப் படவில்லை. நீ கெஞ்சிக் கேட்டபோது முடியாது என்றேன். அம்மா ஏரி நடுவில் இருந்தபோது ஒரு நொடியும் யோசிக்கவில்லை. யார் யார் வீட்டு ஆட்களோ போகும்போது எனக்கு நியாயம் முக்கியமாக இருந்தது.

அம்மாவை நான் அனுப்பாமல் வைத்திருந்தது இருமலுக்காக இல்லை. உன்னிடம் வந்தால், பிள்ளையைக் கையில் வாங்கினால், பிறகு இங்கே திரும்பி வர மாட்டாள் என்று பயந்தேன். இந்த வீட்டில் பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அவள் உன் வீட்டில் ஆயுசு முழுக்க இருந்தாலும் சரி. எங்காவது இருந்தால் சரி.

உன் வலி சாதாரண வலியாக இருந்ததா?

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

முதல் படகில் இதை அனுப்புகிறேன். நீ பதறிப் போய் முதல் வரியைத்தான் தேடுவாய். இருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். இப்போது உட்கார்ந்து மீதியைப் படி.

நடு ஏரி தாண்டியதும் செவலை நின்றுவிட்டதாம். இவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்திருக்கிறார். அம்மா வண்டியில் உட்கார்ந்தபடி உன் கரையைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். "மாப்பிள்ளை, துணி ஏறிடுச்சு" என்றாளாம். அதைக் கேட்டதும் இவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வண்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, அம்மாவை அதன்மேல் குப்புறப் படுக்க வைத்து, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தானும் வயிற்றால் தவழ்ந்து இழுத்திருக்கிறார். குதிரையின் வாரை அறுத்து அதை விட்டுவிட்டார். அது எங்கே போவதென்று தெரியாமல் இவருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பனி உடைகிற சத்தமும் அதன் சத்தமும் கேட்டதாம். திரும்பிப் பார்க்கவில்லையாம். இந்தக் கரை ஆட்கள் ஏணியைப் பனிமேல் தள்ளி இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். துணியைப் பார்க்காமல் இருந்திருந்தால், வண்டியோடு இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்கிறார். குதிரைக்காக அவர் அழுவதை நான் பார்க்காதது போல இருக்கிறேன்.

எனக்குத் துணைக்கு வந்தவள் பக்கத்துக் கட்டிலில் நோயாளியாகப் படுத்தாள். முழங்கால்வரை நனைந்து, உதடெல்லாம் நீலம். அந்தக் காய்ச்சலிலும் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. மறுநாள் விடிந்ததும் பிறந்தது. பெண். பிறந்ததுமே போட்ட கூச்சலில் நர்ஸம்மா சிரித்துவிட்டாள். உன் குரல்தான் அக்கா, சந்தேகமே இல்லை.

உன்னிடம் மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது. பனியை வாரிக் கொட்டியதைப் பற்றி நான் அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. "அவன் தூங்கினா ஏரியும் தூங்கும்னு நினைச்சுட்டேன்டி" என்றாள்.

ஏரி தெரிகிற ஜன்னலுக்கு இப்போது போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறோம். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு ஆடுகிறது. இன்று முதல் படகு மணி அடித்தபோது எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். படகிலும் ஏற மாட்டாளாம், இனி எந்தக் காலத்திலும் தண்ணீர்மேல் கால் வைக்க மாட்டாளாம். "அப்போ அக்கா?" என்று கேட்டேன். "பெரியவளை இனி நான் எங்க பாக்கப் போறேன். அவ பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டு வந்தவ நான். அவ இந்தக் கரைக்கு வரவும் மாட்டா, வரச் சொல்ல எனக்கு வாயும் இல்ல" என்றாள்.

எனக்கும் அந்த வாய் இல்லை. என் கல்யாணத்தின்போது இந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

சின்னவள்


மார்ச் 24, படகில்

சின்னவளே,

உன் கடிதத்தைக் கொண்டு வந்த படகிலேயே ஏறிவிட்டேன். அலை தூக்கிப் போடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும். வாந்தி வருகிறது. இது ஒரு பயணம் என்று மனிதர்கள் எப்படித்தான் போய் வருகிறார்களோ.

நேரில் வரும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, குழந்தைக்குப் போர்வை சரியில்லை என்று ஆரம்பித்து அம்மாவைத் திட்டுவதில் முடிப்பேன். அதனால் கதவைத் திறந்ததும் பேசாமல் இதை உன் கையில் கொடுப்பேன். அனுப்ப வழியில்லாமல் கிடந்த இன்னும் இரண்டு கடிதங்களும் இதோடு இருக்கும். அவற்றை அப்புறம் படித்துக்கொள். இதை வாசலிலேயே படித்து முடி.

அம்மா திரும்பி வர வேண்டாம். நான் வந்து போகிறேன். ஏரி தண்ணீராக இருந்தால் படகில், இல்லாவிட்டால் எது ஓடுகிறதோ அதில். தம்பியிடம், உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், நானே பேசிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. குதிரையைப் பற்றி அவரிடம் என்ன சொல்வதென்று கரையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன், இதுவரை ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது நீ உள்ளறைக்குப் போ. படகு மணி கேட்டு அவள் அங்கேதான் போயிருப்பாள். வந்திருப்பது யார் என்று சொல். எனக்குக் கோபம் இல்லை என்று சொல். அவள் நம்ப மாட்டாள், இரண்டு தடவை சொல். பிறகு அவளை எழுப்பிக் கூட்டி வர வேண்டாம், முழங்கால் வலிக்கும். உள்ளே வரச் சொல்லி அவளையே ஒரு குரல் கொடுக்கச் சொல். அதுவரை நான் வாசலில்தான் நிற்கிறேன்.

அக்கா